மதிலும் காலிமுகத்திடலும்

பழைய மாணவர் மலருக்குப் பள்ளிக்கால நினைவு ஒன்று எழுதித் தரும்படி கேட்டபோது, கல்லூரியின் பின்மதில்தான் கண்ணில் வந்தது. 1984, 85 இல் அதில் சுண்ணாம்பே தெரியாது. புலிகள், ரெலோ, புளொட், ஈபிஆர்எல்எவ், ஈரோஸ் என்று ஐந்து தமிழ் ஆயுத இயக்கங்களின் சுவரொட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இரவில் கோதுமை மாப்பசை காய்ச்சி ஒட்டிய பெடியள், காலையில் நகத்தில் பசை காய்ந்தபடி எங்களோடு வாங்கில் இருந்து இரசாயனம் படிப்பார்கள். ஒவ்வோர் இயக்கமும் அரசியல் வகுப்பு வைத்தது. கொள்கைக்குக் குறைவே இருக்கவில்லை. 1986 இல் ரெலோவைப் புலிகள் அழித்தார்கள். அதே வருடக் கடைசியில் ஈபிஆர்எல்எவ்வுக்கும் அதே கதி. ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் ஒருவரை ஒருவர் கண்டு ஒளிக்க வேண்டி வந்தது.

2022 இல் "தலைமையும் இல்லை, கொள்கையும் இல்லை, இதென்ன போராட்டம்" என்று ஜனாதிபதி கோட்டாபயவை வீட்டுக்கு அனுப்ப எழுந்த அரகலய என்ற மக்கள் போராட்டத்தை லண்டனில் நண்பர்கள் தள்ளிவிட்டபோது என்னால் தலையாட்ட முடியாமல் போனதற்கு அந்த மதில்தான் காரணம். கொள்கை முற்றிய இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாங்கள் பார்த்தவர்கள்.

அந்த மே மாதம் கொழும்பில் நின்றேன். வெள்ளவத்தையில் இருக்கும் வகுப்புத் தோழனோடு, அந்தப் போராட்டம் நடந்த காலிமுகத்திடலுக்குப் போனேன். கூடாரங்களுக்கு நடுவே ஒரு நூலகம். இடதுசாரி மாணவர்கள், பாதிரிமார், பிக்குமார், 2019 இல் கோட்டாபயவுக்கு வாக்களித்து வெல்ல வைத்த 69 இலட்சம் பேரில் பலர் என்று எல்லாரும் அங்கே இருந்தார்கள். இரசாயன உரத் தடை, 13 மணிநேர மின்வெட்டு, எரிவாயு வரிசை எல்லாமாகச் சேர்ந்து கொண்டுவந்து நிறுத்திய கூட்டம். 'கோட்டா வீட்டுக்குப் போ' என்ற ஒன்றைத் தவிர வேறெதைக் கேட்டாலும் அந்தக் கூட்டம் பிரிந்திருக்கும்.

தமிழர்களான எங்கள் கேள்வி அந்த ஒன்றுக்குள் அடங்கவில்லை. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 முதல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு தெருவோரம் இருந்த அம்மாமாரை யார் நினைத்தார்கள்? 2009 இல் போர் முடிந்தபோது பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபயவை, விலைவாசிக்காக மட்டும் போகச் சொன்னால் போதுமா?

"இவங்கள் எங்களுக்காகவோ நிக்கிறாங்கள், மச்சான்?" என்று கேட்டேன்.

"இல்லை. ஆனா இண்டைக்கு நாங்கள் சொல்லுறதைக் கேக்கிறாங்கள். முந்திக் கேக்கவும் மாட்டாங்கள்" என்றான்.

மே 18 அன்று அதே திடலில், 2009 போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்த சனத்துக்கான நினைவுகூரல் நடந்தது. கஞ்சி கொடுத்தார்கள். அருகில் நின்ற ஒரு சிங்கள இளைஞன் அதில் ஏன் உப்புக்கூடச் சரியாக இல்லை என்று ஆங்கிலத்தில் கேட்டான். கடைசி நாட்களில் சனத்துக்குக் கிடைத்தது அவ்வளவுதான் என்று என் தோழன் சொன்னதும், அவன் மிச்சத்தை நின்றபடியே குடித்து முடித்தான். எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் அந்தக் கஞ்சி எந்தக் கோரிக்கைப் பட்டியலிலும் முதல் வரியாக வரவில்லை என்ற கோபமும் கூடவே இருந்தது. இரண்டும் இன்றுவரை எனக்குள் இருக்கின்றன.

ஜூலை 9 இல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. 14 இல் கோட்டாபய சிங்கப்பூரில் இருந்து பதவி விலகினார். 20 இல் நாடாளுமன்றம் 134 வாக்குகளால் ரணிலை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்தது. 22 விடியுமுன் இராணுவம் திடலுக்குள் இறங்கியது. அடுத்து என்ன என்பதில் உடன்பாடு இல்லாத கூட்டத்தை இரண்டு வாரத்துக்குள் கலைத்துவிட்டார்கள்.

ஓகஸ்ட்டில் பல்கலைக்கழக மாணவர் தலைவர் வசந்த முதலிகேயைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அடைத்தார்கள். 1979 இல் எங்கள் பெடியளுக்காக வந்த சட்டம் அது. மாதக்கணக்கில் அவர் உள்ளே இருந்தபோதுதான், அதை நீக்கவேண்டும் என்று தெற்கிலும் பலர் உரத்துக் கேட்டார்கள். அந்தக் குரல் ஏப்ரலிலேயே எழுந்திருக்க வேண்டும் என்பதே என் ஆதங்கம். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் யாழ் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தெற்கின் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்த எங்கள் சனத்துக்கும் அதைக் கேட்கும் உரிமை இருக்கிறது. நாளை இன்னொரு திடல் நிரம்பினால் நானும் போவேன், அந்தச் சட்டத்தின் பெயரை எழுதிய அட்டையோடு.