வெளிநாடு போகிற பிள்ளைக்கு மருந்து வாங்க வருகிறவர்களுக்கு

ஆடி பிறந்தால் எங்கள் கடைக்கு ஒரு தனிக்கூட்டம் வரும். கையில் டாக்டர் சீட்டு இருக்காது, வீட்டில் உட்கார்ந்து எழுதிய பட்டியல் இருக்கும். "பிள்ளை செப்டம்பர்ல லண்டன் போறான்லா மதினி, ஒரு வருசத்துக்கு வேண்டியதைக் கட்டிக் குடுங்க." காய்ச்சலுக்கு, சளிக்கு, வயிற்றுப்போக்குக்கு, பல்வலிக்கு. அப்புறம் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இரண்டு வகை ஆன்டிபயாட்டிக். பிள்ளை போவது பெரும்பாலும் லண்டனுக்கே இல்லை, லீட்ஸுக்கோ ஷெஃபீல்டுக்கோ. அது வேறு விஷயம்.

பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். படித்தது டி.பார்ம். என் மகளும் எம்.எஸ்ஸி. படிக்க இங்கிலாந்து போனாள். ஆகவே கல்லாவின் இரண்டு பக்கமும் நின்றவள் நான். கடைக்காரி சொல்லக் கூடாததுதான், ஆனாலும் சொல்கிறேன்: மருந்தைக் குறையுங்கள். அந்தக் காசையும் அலைச்சலையும் பிள்ளையின் உடம்பைப் பற்றிய காகிதங்களில் போடுங்கள். பாங்க், விசா வேலைகளை ஏஜென்ட் பார்த்துக்கொள்வார், அவற்றுக்கு ஆள் இருக்கிறது. உடம்புக் காகிதங்களை யாரும் கேட்பதில்லை, கடைசி வாரம்தான் ஞாபகம் வருகிறது.

முதலில் டிபி. பிரிட்டனுக்கு 6 மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் இந்தியாவிலிருந்து விண்ணப்பித்தால் காசநோய் இல்லை என்ற சான்றிதழ் காட்ட வேண்டும். நம் ஊரில் எடுத்த எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் செல்லாது. பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும். நாங்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, சென்னையில் எடுத்தோம். சான்றிதழ் 6 மாதம் செல்லும். அதனால் ஜூன் மாதமே எடுத்தாலும் நஷ்டமில்லை. ஆகஸ்டு வரை தள்ளினால்தான் ஆபத்து. படத்தில் ஏதாவது சந்தேகம் வந்தால் சளி கேட்பார்கள், அந்த முடிவு வர 8 வாரம் வரை ஆகலாம். அதற்குள் வகுப்பே தொடங்கிவிடும்.

முன்பு டிபி வந்து குணமான பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக மாத்திரை கொடுத்து முழுக்கக் குணப்படுத்தி அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் செய்கிற முதல் வேலை அந்தச் சிகிச்சை அட்டையைக் கிழித்து எறிவது. பெண்பிள்ளையாக இருந்தால் சொல்லவே வேண்டாம், கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமாம். பழைய தழும்பு நெஞ்சு எக்ஸ்ரேயில் தெரியும். வாய் மறைத்தாலும் படம் மறைக்காது. சிகிச்சை முடித்த சான்றும் பழைய எக்ஸ்ரேயும் கையில் இருந்தால் அங்கே இருக்கிற டாக்டருக்குப் புரியவைப்பது சுலபம். அட்டை தொலைந்திருந்தால் மருந்து வாங்கிய ஆஸ்பத்திரியில் பதிவு இருக்கும், போய்க் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, குணமாகிவிட்டது என்றுதானே அதில் எழுதியிருக்கிறது.

அடுத்தது தடுப்பூசி. இது கட்டாயமில்லை, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. இப்போது மேல்படிப்புக்குப் போகிற பிள்ளைகள் பலருக்கு 2017 பிப்ரவரியில் பள்ளிக்கூடத்திலேயே ஊசி போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸப்பில் வதந்தி பரவி, பாதி வீட்டில் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்றார்களே, அதுதான். அது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஆனது. பொன்னுக்கு வீங்கிக்கு அதில் மருந்து கிடையாது. பிரிட்டனில் மூன்றுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். என்று இரண்டு தவணை போடுகிறார்கள். விடுதியில் ஒரே சமையலறையை ஆறேழு பேர் பகிரும்போது பொன்னுக்கு வீங்கி சட்டென்று பரவும். இங்கேயே போட்டுவிட்டுப் போகலாம், இல்லையென்றால் அங்கே போய் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். மூளைக்காய்ச்சலுக்கான மென்.ஏ.சி.டபிள்யூ.ஒய். ஊசியையும் முதல்முறை பல்கலைக்கழகம் சேர்கிற மாணவர்களுக்கு 25 வயது முடியும் முன் இலவசமாகவே போடுகிறார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. எந்த ஊசி எந்தத் தேதியில் போட்டது என்று ஒரு தாள் வேண்டும். பழைய தடுப்பூசி அட்டை பரணில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் கேளுங்கள். அவர்களுடைய பதிவேட்டில் உங்களுக்கு மறந்துபோன தேதியெல்லாம் இருக்க வாய்ப்புண்டு.

பெயர் விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதற்கு என்னைவிட இ-சேவை மையத்துப் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியும். இசக்கி என்ற பெயரை ஆங்கிலத்தில் ஐ போட்டுத் தொடங்குவதா ஈ போட்டுத் தொடங்குவதா என்று நம் மாவட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை. பேச்சிக்கு நடுவில் டி உண்டா இல்லையா என்பதும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, பாஸ்புக்கில் ஒன்று. விசாவுக்கு அப்பா, அம்மா கணக்கில் இருக்கிற பணத்தைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் அவர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதமும் வைக்க வேண்டும். அங்கேதான் இந்த ஐ, ஈ சண்டை வெளியே வரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் இருக்கக் கூடாது, விரித்து எழுத வேண்டும். என் அபிப்பிராயம், பத்தாம் வகுப்புச் சான்றிதழைத் தலையாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு இழுத்து வாருங்கள். பாங்கில் திருத்துவது சுலபம், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் திருத்துவது பெரும்பாடு. பணமும் தொடர்ந்து 28 நாள் குறையாமல் கணக்கில் கிடக்க வேண்டும். நடுவில் சித்தப்பா அவசரம் என்று கேட்டால் கொடுக்காதீர்கள்.

விசாவோடு சேர்த்து ஐ.எச்.எஸ். என்ற சுகாதாரக் கட்டணமும் கட்டச் சொல்வார்கள். மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்பு என்றாலும் விசா அதற்குமேல் சில மாதம் கொடுப்பதால் ஒன்றரை மடங்கு, 1,164 பவுண்டு வரும். 'இவ்வளவு கட்டிட்டோமே, இனி எல்லாம் ஃப்ரீதானே' என்று கேட்பார்கள். டாக்டரைப் பார்ப்பதும் ஆஸ்பத்திரியில் படுப்பதும் ஃப்ரீ. பல் வைத்தியத்துக்கும் கண்ணாடிக்கும் காசு உண்டு. டாக்டர் எழுதுகிற மருந்துக்கும் இங்கிலாந்தில் காசு உண்டு, 2024 மே மாதத்திலிருந்து ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஸ்காட்லாந்து, வேல்ஸ் போகிற பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. அரசாங்கப் பல் டாக்டரிடம் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. சொத்தைப் பல், கடைவாய்ப் பல் வேலையெல்லாம் இங்கேயே முடித்துவிடுங்கள். கண்ணாடி இரண்டு ஜோடி.

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தைராய்டு குறைவுக்கு மாத்திரை போடுகிறவர்கள், மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிற சர்க்கரைக்காரர்கள், வலிப்புக்கு நிரந்தரமாக மாத்திரை போடுகிறவர்கள் ஆகியோருக்கு அங்கே விலக்குச் சான்றிதழ் ஒன்று உண்டு. அது கிடைத்தால் அந்த மருந்து மட்டுமில்லை, டாக்டர் எழுதுகிற எல்லா மருந்தும் இலவசம். எங்கள் கடையில் தைராய்டு மாத்திரை வாங்குகிற காலேஜ் பிள்ளைகள் நிறையப் பேர். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்துமா அந்தப் பட்டியலில் இல்லை, ஏனென்று எனக்கும் விளங்கவில்லை. இன்ஹேலர் போடுகிறவர்கள் முன்கூட்டியே பணம் கட்டுகிற ஆண்டுச் சீட்டு வாங்கினால் லாபம்.

இனி பெட்டிக்குள் என்ன வைப்பது? தினமும் போடுகிற மருந்து இரண்டு, மூன்று மாதத்துக்கு. அட்டையைக் கத்தரித்து டப்பாவில் கொட்டாதீர்கள், பெயரும் காலாவதித் தேதியும் தெரிய வேண்டும். கூடவே டாக்டரிடம் ஒரு கடிதம், ஆங்கிலத்தில், நோயின் பெயரோடு. மருந்தின் பிராண்ட் பெயரை எழுதினால் அங்கே யாருக்கும் தெரியாது, மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லுங்கள். டாக்டருக்கு நேரமில்லை என்றால் கடையில் கேளுங்கள், மூலப்பெயரை நாங்கள் எழுதித் தருவோம், அவர் கையெழுத்துப் போட்டால் போதும். கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் என்ற வலி மாத்திரை இரண்டையும் டாக்டர் எழுதாமல் கொண்டுபோக வேண்டாம். அவை அங்கே கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். பாரசிட்டமால் ஓர் அட்டை போதும். அங்கே மளிகைக்கடையிலேயே கிடைக்கும், 16 மாத்திரை கொண்ட சின்னப் பெட்டியாக. நம்முடைய 650 மில்லிகிராம் மாத்திரை அங்கே இல்லை, 500தான்.

ஆன்டிபயாட்டிக் நான் தருவதில்லை. சீட்டில்லாமல் தரக் கூடாது என்பது சட்டம். பல மருந்துகளுக்கு எச்1 என்ற தனிப் பதிவேட்டில் நோயாளி பெயர் எழுத வேண்டும். சில பேர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், போகட்டும்.

என் மகளுக்கு முதல் குளிர்காலத்தில் தொண்டை கட்டி எச்சில்கூட விழுங்க முடியவில்லை. தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். இங்கிலாந்தில் 2024 ஜனவரி முடிவிலிருந்து தொண்டைவலி, பூச்சிக்கடிப் புண், பெண்களுக்குச் சிறுநீர்க் கடுப்பு என ஏழு நோய்களுக்கு மருந்தாளுநரே பார்த்து, தேவைப்பட்டால் ஆன்டிபயாட்டிக்கும் தரலாம். அவர் தனி அறையில் உட்காரவைத்து, தொண்டையைப் பார்த்து, காய்ச்சல் எத்தனை நாள் என்று கேட்டு, "இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் வேண்டாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். நம் ஊரில் இதையே சொன்னால், "ஏன், ஸ்டாக் இல்லையா மதினி?" என்பார்கள்.

போய் இறங்கிய வாரமே வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி. கிளினிக்கில், அதாவது குடும்ப டாக்டரிடம், பெயர் பதியச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்தபிறகு பதிந்துகொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிருக்கு ஆபத்து என்றால் 999. இரண்டையும் பிள்ளையின் போனில் ஏற்றிவிடுங்கள்.

மருந்து குறைந்தால் பெட்டியில் இடம் வரும். அதில் நெய் பாட்டிலை வைக்காதீர்கள். நம் நாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அங்கே அனுமதி இல்லை. இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், வற்றல் எல்லாம் வைக்கலாம். என் மகளுக்கு இட்லிப்பொடிதான் முதலில் தீர்ந்தது, மாத்திரை டப்பா இன்னும் அப்படியே இருக்கிறதாம்.