கழித்தல் குறிக்கு எத்தனை மதிப்பெண்?

இன்டர்னல் தேர்வுகளில் ஒன்றை இனிக் கணினி வழியே நடத்தலாமா என்ற பேச்சு சென்ற வாரம் எங்கள் துறையின் ஆசிரியர் அறையில் எழுந்தபோது, மூத்த பேராசிரியர் ஒருவர் கேட்டது ஒன்றுதான்: "ஸ்டெப் மார்க்கை எங்கே போடுவீர்கள்?"

இறுதி விடை தவறினாலும் செய்முறையின் சரியான படிகளுக்குத் தரும் மதிப்பெண்தான் ஸ்டெப் மார்க். விடைத்தாள் திருத்தியவர் எவரும் இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மின்சுற்றுக் கணக்கு ஒன்றில் கிர்க்காஃப் விதிப்படி சமன்பாடுகளைச் சரியாக அமைத்து, கடைசியில் ஒரு கழித்தல் குறியை மட்டும் தவறவிட்ட மாணவருக்குத் தாளில் பெரும்பகுதி மதிப்பெண் கிடைத்துவிடும். தரப்பட்ட விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாவிலோ, அவருக்கும் சுற்றையே புரிந்துகொள்ளாதவருக்கும் ஒரே சுழியம்தான். கொரோனா காலத்தில், 2020 செப்டம்பரில், அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவத் தேர்வை ஒரு மணி நேரக் கொள்குறித் தேர்வாக இணையத்தில் நடத்தியது. சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் வீட்டில் தாளில் எழுதி, ஸ்கேன் செய்து அனுப்பினார்கள். இரண்டையும் 'ஆன்லைன் தேர்வு' என்றே அழைத்தோம். அவை அளந்தது ஒன்றையல்ல. எங்களுக்குள் நடக்கும் வாதத்தில் பாதி இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருவது என்றே நினைக்கிறேன்.

கட்டுக்கட்டாகத் திருத்தும் சுமை குறையும் என்று இளைய ஆசிரியர்கள் கணினித் தேர்வை வரவேற்கிறார்கள். நானும் வரவேற்கிறேன், காரணம் வேறு. சென்ற பருவத்தில் மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தில் 15 வினாக்கள் கொண்ட தேர்வு ஒன்றை அமைத்தபோது, தவறான விடைகளை மனம்போனபடி எழுதாமல், பழைய விடைத்தாள்களில் மாணவர்கள் உண்மையில் செய்திருந்த பிழைகளிலிருந்து எடுத்தேன். 58 பேரில் 31 பேர் மின்னோட்டத்தின் திசையை மாற்றிக்கொண்ட அதே விடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அன்று மாலையே அது தெரிந்துவிட்டதால், மறுநாள் வகுப்பில் குறி மரபை, அதாவது எந்தத் திசைக்குக் கூட்டல், எந்தத் திசைக்குக் கழித்தல் என்பதை மட்டும் மீண்டும் நடத்தினேன். தாளாக இருந்திருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மதிப்பெண்ணைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்குள் பாடம் அடுத்த அலகுக்குப் போயிருக்கும்.

ஆனால் அந்த 15 வினாக்களுக்கு எனக்கு நான்கு மாலைகள் தேவைப்பட்டன. அந்த உழைப்புக்குப் பணிநேரக் கணக்கில் இடமில்லை. இடம் தராமல் கணினித் தேர்வை மட்டும் கட்டாயமாக்கினால், ஆசிரியர்கள் ஆயத்த வினா வங்கியிலிருந்து எடுத்துப் போடுவார்கள், மாணவர்கள் அதை மனப்பாடம் செய்வார்கள். மாணவரின் புரிதல் அளக்கப்படாமல் போகும் என்ற பேராசிரியரின் அச்சம் அப்போது மெய்யாகிவிடும்.

அவருடைய கேள்விக்கு நான் சொன்ன வழி இது: கொள்குறி வினாக்களோடு இரண்டு கணக்குகளின் செய்முறையைத் தாளில் எழுதி வாங்குவோம், ஸ்டெப் மார்க் அங்கே இருக்கட்டும். அடுத்த தேர்வில் அந்தத் தாள்களைத் தாமே திருத்திப் பார்ப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.