காலையில் போட்ட ஏ.ஐ.

பல்லடம் பக்கம், குஞ்சு பொரிக்க முட்டை தரும் ஒரு தாய்க்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசராகச் சேர்ந்தபோது ஏ.ஐ., அதாவது செயற்கைக் கருவூட்டல் என்றால் எனக்குத் தெரிந்தது மாட்டுக்குப் போடும் சினை ஊசிதான். கோழிக்கு அப்படி இல்லை. பண்ணையில் உறைய வைத்த விந்து பயன்படுத்துவதில்லை, சேவலிடம் எடுத்ததை அரை மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். முதுகைத் தடவி எடுக்கும் இந்த முறையை 1930களில் அமெரிக்காவில் பர்ரோஸ், குவின் என்ற இருவர் உருவாக்கினார்கள், இன்றும் அதேதான். ஒரு சேவலிடம் அரை மில்லி கிடைத்தாலே நல்ல அளவு. கோழி ஒன்றுக்கு 0.05 மில்லி போதும். கோழியின் உள்ளே முட்டை உருவாகி வரும் கருக்குழாயில் இருக்கும் நுண்ணிய பைகளில் விந்தணுக்கள் பல நாள் உயிரோடு தங்குவதால் வாரம் ஒரு தடவை போட்டால் சரியாகிவிடும்.

எங்கள் ஷெட்டில் ஒரு அக்கா கோழி பிடிப்பார். இடது பக்க வயிற்றை அவர் மெதுவாக அழுத்த, கருக்குழாயின் வாய் வெளியே தெரியும், நான் விந்து எடுத்த சின்னக் குழாயை உள்ளே விட்டுத் தள்ளும் அதே நொடியில் அவர் கை தளரும். தளராவிட்டால் போட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். இதை நாங்கள் பேசிக்கொண்டு செய்ததில்லை, அவர் கை என் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், ஆட்கள் ஊருக்கு பஸ் பிடிக்க வேண்டுமே என்று மத்தியானம் மூணு மணிக்குச் செய்யும் வேலையைக் காலை ஒன்பது மணிக்கே ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன். "முட்டை வெச்சு முடியட்டுங்க தம்பி, அப்புறம் போட்டுக்கலாம்" என்று அக்கா சொன்னார். நான் கேட்கவில்லை. காலையில் பெரும்பாலான கோழிகளின் வயிற்றில் ஓடு கட்டிய முட்டை இருக்கும், அது வழியை மறிக்கும், விந்தும் மேலே ஏறாது. படித்திருந்தேன், ஆனால் அன்றைக்கு பஸ்தான் பெரிதாகத் தெரிந்தது.

தப்பு உடனே தெரிந்திருந்தால்கூடத் தேவலை. அந்த வார முட்டைகள் மூன்று வாரத்துக்கு மேல் கழித்து, அடைகாப்பு இயந்திரத்தில் 18-ஆம் நாள் விளக்கு வைத்துப் பார்த்தபோதுதான் தட்டுத் தட்டாக வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. கரு இல்லை. அக்கா ஒன்றும் சொல்லவில்லை, தட்டை நகர்த்திக் கொடுத்தார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் எந்தப் பண்டிகைக்கும் நேரத்தை மாற்றவில்லை. அக்கா வயிற்றைத் தொட்டுவிட்டு "இருக்குதுங்க" என்றால் அந்தக் கூண்டில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் கடைசியில் திரும்பி வருவோம்.