அப்பாவின் கையெழுத்தும் ஐந்து மாத அலைச்சலும்

போன வெள்ளிக்கிழமை அப்பா தன் கையாலேயே பென்சன் காசை எண்ணி வாங்கினார். இந்த ஒரு வேலைக்கு ஐந்து மாதம் அலைந்திருக்கிறோம். எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அப்பாவுக்குப் பார்க்கின்சன். கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், 32 வருஷம் கிளாக்கராக இருந்தவர். பென்சன் நாளென்றால் காலமையே சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, ஓட்டோ பிடித்துப் போவார். காசை எடுத்ததும் பழைய கூட்டாளிகள் மூன்று பேரோடு கஸ்தூரியார் வீதிப் பக்கம் தேத்தண்ணிக் கடையில் ஒரு மணித்தியாலம். மாதத்தில் அவர் வெளியே போகிற நாளே அதுதான்.

மாசியில் வங்கிக் கவுண்டரில் இருந்த பிள்ளை காசெடுக்கிற துண்டைத் திருப்பித் தள்ளியது. கையெழுத்து ஒத்துவரவில்லையாம். பொய்யில்லை. முதல் எழுத்து பெரிசு, கடைசி எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி. இந்த நோயில் மூளையில் டோபமின் என்கிற இரசாயனம் குறையக் குறைய நடை, குரல், எழுத்து எல்லாமே இப்படித்தான் சுருங்கும். “திரும்ப ஒருக்கா வையுங்கோ ஐயா” என்றது பிள்ளை. பின்னால் நீளமான வரிசை. பதற்றத்தில் நடுக்கம் கூடி, மூன்றாம் தரம் பேனை கீழே விழுந்தது. அப்பா என்னவோ சொன்னார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. வரிசையில் நின்ற ஒருவர், “காலமையே போட்டிட்டு வந்திட்டார் போல” என்றது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

அப்பா கள்ளுக்கூட வாயில் வைக்காத மனுசன்.

அதோடு படலை தாண்டுவதை விட்டார். கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் “நீ போட்டு வா”. கூட்டாளிகள் இரண்டு தரம் வீட்டுக்கு வந்தார்கள். முகத்தசை இறுகிப்போனால் உள்ளே சந்தோசம் இருந்தாலும் சிரிப்பு வெளியே வராது. தாங்கள் வந்தது பிடிக்கவில்லை என்று நினைத்தார்களோ என்னவோ, மூன்றாம் தரம் வரவில்லை. கதைக்க ஆளில்லாமல் குரல் இன்னும் இறங்கியது. நடக்காமல் கால் விறைத்தது. சித்திரையில் விறாந்தைக் கதிரையிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. குளிசையைக் கூட்டுவார் என்று பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கேட்டது, “ஐயா ஒரு நாளைக்கு ஆரோட கதைக்கிறவர்?” மனச்சோர்வு இந்த நோயோடேயே வருவதாம். தனிய விட்டால் அது வளருமாம்.

அன்றைக்குத்தான் வங்கி அலுவலை முடித்தே தீருவது என்று வெளிக்கிட்டேன். முதல் தரம் போனால் மனேச்சர் லீவு. இரண்டாம் தரம், டொக்டரின் கடிதம் வேணும். கிளினிக்கில் அது உடனே கிடைத்தது. மூன்றாம் தரம், நோயின் பெயர் இருக்கிறதாம், கையெழுத்து அதனால்தான் மாறியது என்று எழுதவில்லையாம். இதை முதலே சொன்னால் வாய் நோகுமா? நீங்களாவது கடிதம் கேட்கும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துக் கேளுங்கள். நான்காம் தரம், “ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, மாதிரிக் கையெழுத்துப் புதுசா எடுக்கவேணும்.”

அவரைச் சம்மதிக்கவைக்க மூன்று கிழமை போனது.

நேரம் முக்கியம். அப்பாவுக்குக் குளிசை போட்டு முக்கால் மணித்தியாலத்தில் கை இளகும். ஆளுக்கு ஆள் இது மாறும், நாலு நாள் குறித்துப் பாருங்கள். முட்டை, பால் எல்லாம் பிறகு, அதிலுள்ள புரதம் குளிசையில் இருக்கிற லெவோடோபா மருந்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. வங்கி வாசலில் கால் நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. இழுக்கக் கூடாது, விழுத்திவிடும். தரையில் மாபிள் கோட்டைக் காட்டி, “இதைக் கடவுங்கோ அப்பா” என்றேன். கடந்தார்.

உள்ளே அதே பிள்ளை. கதிரை கேட்டேன், தானே தூக்கி வந்தது. மனேச்சர் மட்டும், “பெருவிரல் அடையாளம் வைச்சா லேசெல்லோ?” என்றார்.

“நான் கைநாட்டு இல்லை.”

ஐந்து மாதத்தில் அப்பா போட்ட முதல் சத்தம். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். புதுக் கையெழுத்தை அந்தச் சின்ன எழுத்திலேயே வைத்தார்.

தேத்தண்ணிக் கடையில் கூட்டாளிகள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். முழுக் கோப்பை எடுக்காதீர்கள், வேட்டியில் ஊற்றும். அரைக் கோப்பையாக இரண்டு தரம் சொன்னேன். ஏன் இவ்வளவு நாளும் காணவில்லை என்று கேட்டார்கள்.

“கையெழுத்துப் பிழையெண்டு கச்சேரியில நானும் எத்தினை பேரைத் திருப்பி அனுப்பினனான்” என்றார் அப்பா. அவர்களுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார்.