என்4 தாண்டியதும் கைகொடுத்த சுமோ

ஜப்பானிய மொழி படிப்பில் ஆரம்பம் எல்லோருக்கும் ஜோராகத்தான் போகும். ஹிரகானா, கத்தகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளும் சீக்கிரமே வசப்பட்டுவிடும். இலக்கணமும் நமக்கு ரொம்ப அந்நியமில்லை. வினைச்சொல் கடைசியில் வந்து உட்காரும். நம் வேற்றுமை உருபு மாதிரி சின்ன ஒட்டுகள் பெயருக்குப் பின்னால் வரும். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் தேர்வின் முதல் இரண்டு நிலைகளான என்5, என்4 வரை இந்த உற்சாகமே இழுத்துக்கொண்டு போனது. அடுத்த நிலையான என்3-ன் புத்தகத்தைத் திறந்ததும்தான் எனக்குச் சுருதி இறங்கியது.

கஷ்டத்தைவிட, எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று தெரியாததுதான் சோர்வு. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளில், அன்றாடப் பயன்பாட்டுக்கான பட்டியலிலேயே 2,136 இருக்கின்றன. 2010-ல் தேர்வு முறை மாறியதிலிருந்து எந்த நிலைக்கு எந்தச் சொற்கள் என்று அதிகாரபூர்வப் பட்டியலும் கிடையாது. போதாக்குறைக்கு, சொற்களை அட்டை அட்டையாகக் காட்டி மனப்பாடம் செய்ய வைக்கும் அன்கி செயலி. நாலு நாள் தொடாமல் விட்டால் அட்டைகள் குவிந்து, திறக்கவே மனம் வராது. தினமும் ஐந்தே புது அட்டை என்று குறைத்த பிறகுதான் அந்தப் பயம் போனது.

ஆனால் ஆசையைத் திரும்பக் கொண்டுவந்தது ஜப்பானின் சுமோ மல்யுத்தம். வருடத்துக்கு ஆறு தொடர்கள், ஒவ்வொன்றும் 15 நாள். மேல்பிரிவு ஆட்டங்கள் அங்கே மாலை ஆறு மணிவாக்கில் முடியும். நமக்கு மதியம் இரண்டரை. சாப்பாட்டு நேரத்துக்குத் தோது. மோதல் சில நொடிதான். அதற்கு முன்னால் உப்பை அள்ளி வீசுவதும் முறைப்பதுமாக நிமிடக்கணக்கில் போகும். வர்ணனையாளர் விடாமல் பேசிக்கொண்டிருப்பார். முடிந்ததும் யார், எந்தப் பிடியில் ஜெயித்தார் என்று அரங்கில் அறிவிப்பார்கள். எப்போதும் ஒரே அச்சு வாக்கியம். வீரரின் பெயரும், யோரிகிரி, ஓஷிதாஷி என்று பிடியின் பெயரும்தான் மாறும். ஒரே மதியத்தில் இருபது தடவை கேட்டால் காதில் ஏறாமல் என்ன செய்யும்?

பொதுவாக 15-ல் 8 ஜெயித்தால் தரவரிசையில் ஏறலாம், 7 என்றால் இறக்கம். ஏழுக்கு ஏழு என்று நிற்கிற வீரரின் கடைசி நாள் ஆட்டத்தில் வர்ணனை ஒரு வார்த்தை புரியாமல் போனாலும் எரிச்சல் வரும். உடனே அகராதியைப் புரட்டுவேன். புத்தகம் என்னை அப்படி ஒரு நாளும் புரட்ட வைத்ததில்லை. யோகோசுனா என்ற உச்சப் பட்டம் பெற்ற வீரர் ஹோஷோரியுவின் பெயரில் கடைசியாக நிற்கும் டிராகன் எழுத்து, கோடு கோடாக இருந்தும் எழுதிப் பார்க்காமலே மனதில் தங்கிவிட்டது.

சுமோ மட்டுமே கரையேற்றிவிடாது. என்3 தேற 180-க்கு 95 வேண்டும். மூன்று பிரிவிலும் தலா 19-க்குக் குறையக் கூடாது. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். அங்கே என் காது காப்பாற்றியது. வாசிப்பில் தப்பிப் பிழைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது என்2-க்காக சுமோ செய்திகளையே வாசிக்கிறேன். செய்தித்தாள் நடை கடினம்தான். யார் ஜெயித்தார் என்று முன்பே தெரிந்திருப்பதால் பாதி வாக்கியம் ஊகத்தில் ஓடிவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் அகராதி.