பருவதமலையில் ஒரு புல் முடிச்சு

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, தை மாதத்தில் ஒரு வாரக் கடைசியைப் பார்த்துப் பட்டறையை மூன்று நாள் பூட்டினேன். அம்பத்தூரில் சின்ன லேத் பட்டறை என்னுடையது. கூட வந்தவன் ஆறாம் வகுப்பிலிருந்து என் நண்பன், இப்போது அரசுப் பள்ளியில் தமிழ் வாத்தியார். போன வருஷமே கிளம்பியிருக்க வேண்டும். அவன் அப்பா காலமானதில் தள்ளிப்போயிற்று.

முதல் நாள் செஞ்சி, மறுநாள் திருவண்ணாமலைக்கு வடக்கே இருக்கும் பருவதமலை, மேலேயே ஒரு ராத்திரி. இதுதான் திட்டம். பௌர்ணமி வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். அன்றைக்குப் பருவதமலையில் கால் வைக்க இடம் இருக்காது.

திருவண்ணாமலை பஸ்ஸில் வந்தால் செஞ்சி வழியிலேயே வந்துவிடும். இறங்கி, பைகளை டீக்கடையில் வைத்துவிட்டு, கோட்டை இருக்கும் ராஜகிரி மலையில் ஏறினோம். சுமார் 800 அடிதான், ஆனால் படிகள் செங்குத்து. உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது, நடுவில் ஒரு பாலம். அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் போக வழியில்லை. சிவாஜியின் மகன் ராஜாராம் இங்கே இருந்தபோது முகலாயர்களின் முற்றுகை 1690 முதல் 1698 வரை நீண்டதன் காரணம் அந்த இடத்தில் நின்றால் புரிந்துவிடுகிறது. மதியத்துக்குள் இறங்கிவிட்டோம். இரவு திருவண்ணாமலையில் ஒரு சாதாரண லாட்ஜ்.

அங்கேதான் பையிலிருந்து அந்த ஜெராக்ஸ் கட்டை எடுத்தான். மலைபடுகடாம், 583 வரிச் சங்கப் பாட்டு. பள்ளிக்கூடத்தில் பெயர் மட்டும் படித்த ஞாபகம் எனக்கு. நன்னன் என்ற சிற்றரசனிடம் பரிசு வாங்கித் திரும்பும் கூத்தர் ஒருவர், எதிரே வருகிற கூத்தர்களுக்கு அவன் ஊருக்கு வழி சொல்கிற பாட்டு. நன்னனின் நவிரமலைதான் பருவதமலை என்று சொல்வார்கள். பாட்டில் வரும் சேயாறுதான் இன்றைக்குக் கலசபாக்கம் பக்கம் ஓடும் செய்யாறு.

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்குத் தூக்கம் போய்விட்டது. காட்டுப்பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், அதனால் நன்றாக விடிந்த பிறகு நட. தினைக்காவல்காரர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்தின் பின்னால் ஒதுங்கிக்கொள். பாசி பிடித்து வழுக்கும் இடத்தில் பக்கத்து மூங்கிலையும் கோரையையும் சேர்த்துப் பிடித்துக்கொள். இருட்டிவிட்டால் வீட்டுக்குள் நுழைவது போலக் கற்குகைக்குள் போய்த் தங்கு. இதைப் பாடிய பெருங்கௌசிகனார் தானே அந்த வழியில் நடந்து, ஓரிடத்தில் வழுக்கியும் விழுந்தவராகத்தான் இருக்க வேண்டும். வழி சொல்வது என்றால் இப்படிச் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலை கடலாடிக்கு டவுன் பஸ் பிடித்தோம். ஏறுவதற்குத் தென்மகாதேவமங்கலம் பக்கமும் ஒரு வழி உண்டு. அங்கே நிறையத் தூரம் படிகள் இருக்கின்றன. கடலாடி வழி கல்லும் வேரும் முள்ளும்தான். மலை 4,560 அடி. ஆளுக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஒரு தார்ப்பாய், போர்வைகள், அவன் தம்பியிடம் இரவல் வாங்கிய டென்ட்.

பாதி ஏறியிருப்போம். நான் வேகமாக நடக்கிறவன், அவன் நின்று நின்று வருகிறவன். வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் அவனுக்காக நிற்காமல் இடது பக்கம் போய்விட்டேன். அது ஆட்டுத் தடம். கொஞ்ச தூரத்தில் முட்புதருக்குள் போய் முடிந்தது. கூப்பிட்டேன். அவனும் கூப்பிட்டான். பாறையில் மோதி வருகிற குரலை வைத்து ஆள் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி அந்தப் பிரிவுக்கு வந்து சேர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான், முகம் வெளுத்திருந்தது.

"என்னை விட்டுட்டுப் போகாதடா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அப்பா போன பிறகு அவன் குரலில் இப்படி ஒரு நடுக்கம் வந்துவிட்டது. எனக்கு அது தெரியும். தெரிந்தும் முன்னால் போய்விட்டேன்.

அப்புறம் அவன் எழுந்து, சரியான வழியின் ஓரத்தில் நீளமாக வளர்ந்திருந்த புல்லை ஒரு கை அள்ளி முடிச்சுப் போட்டான். இதுவும் அந்தப் பாட்டில் இருக்கிறதாம். வழி பிரிகிற இடத்தில், பின்னால் வரும் புது ஆளுக்காகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போ என்று.

உச்சிக்குக் கீழேதான் கடப்பாறைப் படி. செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பிகளை ஊன்றி, பிடித்து ஏறச் சங்கிலி விட்டிருக்கிறார்கள். ஏறும்போது என் கண் இரும்பின் மேலேயே இருந்தது. பாறைக்குள் இறங்கும் இடத்தில் துரு செதில் செதிலாக நிற்கிறது. கை பிடிக்கும் இடத்தில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் எமரி பேப்பர் போட்டுத் தேய்த்தது போல மினுமினுப்பு. லேத்தில் எவ்வளவு பொறுமையாகப் பாலிஷ் போட்டாலும் அந்த வழவழப்பு வராது. அத்தனையும் உள்ளங்கை செய்த வேலை.

மேலே மல்லிகார்ஜுனர், பிரம்மராம்பிகை. இங்கே நம் கையாலேயே சாமிக்கு அபிஷேகம் செய்யலாம். அவன் கீழேயிருந்து தனியாக ஒரு பாட்டில் தண்ணீர் தூக்கி வந்திருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவன் அப்பா மார்கழி முதல் நாள் இந்த மலையின் கிரிவலத்துக்கு வருஷம் தவறாமல் வந்தவர். முழங்கால் வலியால் கடைசி வரை மேலே ஏறவில்லை. பாட்டிலைக் காலி செய்ய அவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். நான் வெளியே வந்து நின்றேன்.

டென்ட் உதவவில்லை. பாறையில் ஆணி இறங்காது, காற்றோ ஆளையே தள்ளியது. காற்று படாத ஒரு பாறை இடுக்கைத் தேடிப் பிடித்துத் தார்ப்பாயை விரித்து, டென்ட் துணியைப் போர்வைக்கு மேல் போர்த்திக்கொண்டோம். மெஸ்ஸில் கட்டி வாங்கிய மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஆளுக்கு ஆறு. இருட்டியதும் தெற்கே திருவண்ணாமலை ஊர் வெளிச்சம் தெரிந்தது, மேற்கே ஜவ்வாது மலை கறுப்பாகக் கிடந்தது. ராத்திரி முழுக்க அவன் அப்பாவைப் பற்றிப் பேசினான். சைக்கிளில் அவனை முன்னால் உட்கார வைத்துக் கலசபாக்கம் கூட்டிப்போனது, செய்யாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடித்தது. நான் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை. எப்போது தூங்கினோம் என்று தெரியாது.

(போக நினைப்பவர்கள், மேலே இரவு தங்க அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். விதிகள் மாறுகின்றன.)

விடிந்த பிறகு இறங்கினோம். இந்த முறை அவன் முன்னால், நான் பின்னால். அந்தப் பிரிவில் புல் முடிச்சு பனியில் நனைந்து தளர்ந்திருந்தது. குனிந்து இறுக்கினான். நான் பக்கத்துக் கொத்தில் இன்னொன்று போட்டேன். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"இன்னா சாமி பண்றீங்க?"

"வழி தெரியாம வர்றவங்களுக்கும்மா" என்றான்.

"புல்லு கட்டினா ஆடு மேஞ்சிடும் சாமி. கல்லை அடுக்கு" என்று சொல்லிவிட்டு, அவரே கீழே கிடந்த ஒரு தட்டைக் கல்லை எடுத்துக் கொடுத்தார். மூன்று பேருமாகப் பொறுக்கி, முழங்கால் உயரத்துக்கு அடுக்கினோம்.