எத்தனை பேரில் எத்தனை பேர்? எஃப்எம்ஜிஇ தேர்ச்சிக் கணக்கைப் படிக்கும் விதம்

வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸுக்கு ஆள் சேர்க்கும் செமினார்களில் ‘எங்கள் கல்லூரி எஃப்எம்ஜிஇ தேர்ச்சி 80 சதவீதம்’ என்ற ஸ்லைடு தவறாமல் வரும். செய்தித்தாளைப் பிரித்தால், எழுதியவர்களில் ஐந்தில் நான்கு பேர் தோல்வி என்று இருக்கும். இரண்டுமே பொய்யாக இல்லாமலும் இருக்கலாம். எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்காதவரை இரண்டையும் நம்ப வேண்டியதில்லை.

தேர்வைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: வெளிநாட்டில் மருத்துவம் படித்த இந்தியர்கள் இங்கே பதிவு பெற எழுதுவது எஃப்எம்ஜிஇ. தேசியத் தேர்வு வாரியம் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன், டிசம்பர் செஷன் என்று நடத்துகிறது. 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. நெகட்டிவ் மார்க் கிடையாது. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். இந்தக் கடைசி விதியும், 150 என்ற அசையாத கோடும்தான் சதவீதத்தை ஆட்டிவைக்கின்றன.

முதலில் அந்தக் கோடு. டிசம்பர் 2024 செஷனில் 44,392 பேர் எழுதி 13,149 பேர் தேறினார்கள், 29.62 சதவீதம். அடுத்த ஜூன் 2025-ல் 36,034 பேரில் 6,707 பேர், அதாவது 18.61 சதவீதம். ஆறு மாதத்தில் உலகத்திலுள்ள மருத்துவக் கல்லூரிகள் எல்லாம் சேர்ந்து கெட்டுப்போகாது. தேர்ச்சி மதிப்பெண் நிலையாக இருப்பதால், தாள் சற்றுக் கடினமானாலே 150-ஐ ஒட்டி நிற்கும் கூட்டம் மொத்தமாகத் தோல்விப் பக்கம் சரிந்துவிடும். ஆகவே ஒரு கல்லூரியின் சதவீதத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது. அந்த செஷனின் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டிசம்பர் 2024-ல் 27 சதவீதம் வாங்கிய கல்லூரி சராசரிக்குக் கீழே. ஜூன் 2025-ல் 24 வாங்கிய கல்லூரி மேலே. விளம்பரத்தில் 27-தான் பெரிதாகத் தெரியும்.

அடுத்தது அட்டெம்ப்ட் விவகாரம். ஒரு கல்லூரியிலிருந்து 100 பேர் தேர்வுக்கு வருகிறார்கள் என்று ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் முறை 25 பேர் தேறுகிறார்கள். மிச்சம் 75 பேர் மறுபடி எழுதி 15 பேர் தேறுகிறார்கள். அடுத்து 60 பேரில் 9. அதற்கடுத்து 51 பேரில் 5. இரண்டு வருடத்தில் நான்கு செஷன் முடிந்தது. எழுதிய தடவைகளைக் கூட்டினால் 286, தேறியவர்கள் 54. தடவைக் கணக்கில் தேர்ச்சி 18.9 சதவீதம்; ஆள் கணக்கில் 54. ஏஜென்ட் இரண்டாவதைச் சொல்வார், பத்திரிகை முதலாவதைப் போடும். பெற்றோருக்குத் தேவையானது இரண்டுமில்லை, அந்த முதல் 25. படித்து முடித்துவிட்டு, கோச்சிங் சென்டரிலும் ஹாஸ்டலிலும் இரண்டு வருடம் கழித்த பிறகும் 46 பேர் வெளியே நிற்கிறார்கள் என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

வாரியம் வெளியிட்ட நாடுவாரி, கல்லூரிவாரி அட்டவணைகளில் 2015 முதல் 2018 வரையிலானதை எடுத்துக்கொள்வோம். சீனா: 20,314 பேர் எழுதி 2,370 பேர் தேர்ச்சி. ரஷ்யா: 11,724-ல் 1,512. உக்ரைன்: 8,130-ல் 1,224. நேபாளம்: 5,894-ல் 1,042. வங்கதேசம்: 1,265-ல் 343. மொரீஷியஸ்: 154-ல் 81. சதவீதமாக மாற்றினால் மொரீஷியஸ் 52-ஐத் தாண்டும், சீனா 12-ஐத் தொடாது. ஆனால் ஒன்றில் நான்கு வருடத்துக்கு 154 பேர், இன்னொன்றில் இருபதாயிரம். சீனா என்ற ஒரே வரிக்குள் நல்ல கல்லூரியும் மோசமான கல்லூரியும் சேர்ந்தே கிடக்கின்றன. நாட்டுச் சராசரியை வைத்துக் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது, தமிழ்நாட்டுச் சராசரி மழையைப் பார்த்து ராமநாதபுரத்தில் நெல் விதைப்பது மாதிரி.

கல்லூரி வரிக்கு இறங்கினால் வேறு சிக்கல். ஐந்து பேர் எழுதி நான்கு பேர் தேறினால் 80 சதவீதம். அந்த ஸ்லைடு பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. ஐந்தில் நான்கு என்ற முடிவை வைத்து அந்தக் கல்லூரியின் உண்மையான விகிதத்தைக் கணித்தால் 38-லிருந்து 96 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இருபதில் பத்து என்றாலும் 30-லிருந்து 70 வரை. இருநூறில் நூறு என்றால்தான் 43-57 என்று கொஞ்சம் ஒடுங்குகிறது. ஒரு செஷனில் ஐம்பது பேர்கூட எழுதாத கல்லூரிக்குக் குறைந்தது நான்கைந்து செஷனின் ஆட்களைக் கூட்டி, பிறகு வகுக்க வேண்டும். சதவீதங்களைக் கூட்டிச் சராசரி எடுக்கக் கூடாது; எழுதியவர்களைத் தனியாக, தேறியவர்களைத் தனியாகக் கூட்ட வேண்டும். பெயர் மாறிய கல்லூரி இரண்டு வரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உக்ரைன் வரியைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. 2022 போருக்குப் பிறகு பலர் மொபிலிட்டி ஏற்பாட்டில் வேறு நாட்டுக் கல்லூரிகளில் போய்ப் படித்தார்கள். பட்டம் மட்டும் பழைய உக்ரைன் பல்கலைக்கழகத்தின் பெயரில். அந்தத் தேர்ச்சி யாருடைய பாடத்துக்குச் சேரும்?

பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. இன்று எழுதுகிறவர் கல்லூரியில் சேர்ந்தது ஆறு வருடத்துக்கு முன். 2015-18-ல் எழுதியவர்கள் நீட் இல்லாமலே போனவர்கள். வெளிநாடு செல்லவும் நீட் தகுதி கட்டாயமானது 2018-ல். தேர்ச்சி கூடியிருந்தால், கல்லூரி திருந்தியதா, நீட் வடிகட்டி அனுப்பியதா என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வடிகட்டுவது என்றதும் கரீபியன் கல்லூரிகள் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் மருத்துவ உரிமம் பெற எழுதும் யுஎஸ்எம்எல்இ தேர்வுக்கு ‘முதல் முயற்சித் தேர்ச்சி 90-க்கு மேல்’ என்பார்கள். அங்கே பல கல்லூரிகள் உள்தேர்வு வைத்து, அதில் தேறியவரை மட்டும்தான் யுஎஸ்எம்எல்இ-யின் முதல் கட்டமான ஸ்டெப் 1 எழுதவே விடும். நின்றுபோனவர்கள் கீழ் எண்ணில், அதாவது எதால் வகுக்கிறோமோ அந்த எண்ணில், இல்லை. இந்த வித்தை நம் ஊர் கணக்கிலும் உண்டு: 120 பேர் சேர்ந்து, 70 பேர் முடித்து, 50 பேர் எழுதி, 15 பேர் தேறினால் அது 30 சதவீதமா, பன்னிரண்டரையா?

கல்லூரியிடமோ ஏஜென்டிடமோ மின்னஞ்சலில் கேட்க வேண்டியது, ஒரே ஒரு பேட்சுக்கு, சதவீதமில்லாமல் ஆள் எண்ணிக்கையாக: 2018-ல் சேர்ந்த இந்தியர்கள் எத்தனை, படிப்பை முடித்தவர்கள் எத்தனை, எஃப்எம்ஜிஇ முதல் முறை எழுதியவர்கள் எத்தனை, அதில் தேறியவர்கள் எத்தனை, இரண்டு வருடத்துக்குள் தேறியவர்கள் எத்தனை. ‘எங்கள் கோச்சிங்கில் படித்தவர்களில்’ என்று பதில் தொடங்கினால் கீழ் எண்ணை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். உள்ளூர் அரசுத் தேர்வின் தேர்ச்சியை எஃப்எம்ஜிஇ போலக் காட்டுவதும் நடக்கிறது.

இவ்வளவுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. 2021 நவம்பரில் வந்த தேசிய மருத்துவ ஆணைய (என்எம்சி) விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழி, அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப், அந்த நாட்டில் மருத்துவம் பார்க்கப் பதிவு பெறும் தகுதி. இதில் ஒன்று குறைந்தாலும் இங்கே பதிவு கிடைக்காது. அந்தக் கல்லூரியின் பழைய பேட்ச் என்ன சதவீதம் வாங்கியிருந்தாலும் சரி.